அடிமைத் துறையினின்றும் விடுதலைக் கடலுக்கு: ராபர்ட் ஸ்மால்ஸ் வாழ்க்கை

மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ஆம் ஆண்டில் ‘குலாம்கிரி’ என்னும் நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்பது அச்சொல்லின் பொருள். அந்நூலை அவர் தம் ஊர்ச் செல்வர் எவருக்கும் காணிக்கையாக்கவில்லை. கடல் கடந்த அமெரிக்க நாட்டில், அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அந்நாட்டுக் கறுப்பின மக்களின் கதையும் நம் முன்னோரின் கதையும் ஒருங்கே எண்ணத்தக்கவை என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் அப்பெரியார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். புலே நன்றி கூறியது விடுவித்தோருக்கு. பிறர் வந்து விடுவிக்கும்வரை காத்திராமல், தம் தளையைத் தாமே அறுத்துக்கொண்டோரும் அந்நாட்டில் பலர் இருந்தனர். அவருள் ஒருவரை, ஒரு சிற்றூரில் பிறந்த இளைஞரை, நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு அறிமுகம் செய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

தொடங்குமுன் ஒரு சொல். கறுப்பின ஆண்மகன் எத்தனை வயதினனாயினும் அவனைப் ‘பையன்’ என்றே அழைப்பது அந்நாளில் அந்நாட்டு வெள்ளையர் வழக்கமாயிருந்தது. எழுபது வயதுப் பெரியவரைப் பண்ணையாரின் பேரன் ‘அடே’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆதலின் ஸ்மால்ஸைச் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலும் ‘அவர்’ என்றே குறிக்க விரும்புகிறேன்.

தென் கரோலினா மாநிலத்தின் கடற்கரையில், தீவுகளுக்கும் கழிகளுக்கும் நடுவே அமைந்த சிறு நகரம் பியூஃபர்ட். சுற்றிலும் பருத்தித் தோட்டங்கள். தோட்ட முதலாளிகளுக்கு நகரத்தில் மாளிகைகள். அவற்றுள் பிரின்ஸ் தெருவில் இருந்த ஒரு மாளிகையின் பின்புறக் குடிசையில் 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ராபர்ட் பிறந்தார். தாய் லிடியா அவ்வீட்டு அடிமை. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாட்டுச் சட்டம்.

வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தமையால் ராபர்ட் எசமானரின் தயவுக்கு உரியவராயிருந்தார். இது கண்டு தாய் மகிழவில்லை, அஞ்சினார். தயவில் வளரும் பிள்ளை தன் நிலையை அறியாது போய்விடுமே என்பது அவர் கவலை. வயலில் வேலை செய்வோரின் பாட்டையும், அடிமைகள் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கப்படுவதையும் மகன் கண்ணாரக் காணச் செய்தார் என்று கூறுவர். தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்துவதே இயல்பு. லிடியா கண்ணைத் திறந்துவிட்டார்.

இன்னொன்று. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை 1740-ஆம் ஆண்டிலேயே தென் கரோலினா தடை செய்திருந்தது; 1834-ஆம் ஆண்டுச் சட்டமோ படிக்கக் கற்பிப்பதையும் சேர்த்துக் குற்றமாக்கிற்று. நம் நாட்டில் சாத்திரம் செய்த வேலையை அங்கே சட்டமன்றம் செய்தது. ஆகவே ராபர்ட் எழுத்தறிவின்றியே வளர்ந்தார்.

பன்னிரண்டாம் வயதில் அவர் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலிக்கு அனுப்பப்பட்டார். வெளியிடத்தில் வேலை செய்யும் அடிமை, எண் பொறித்த உலோக வில்லை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது அந்நகரின் விதி. உணவு விடுதியில் பணியாளராகவும், தெரு விளக்கு ஏற்றுபவராகவும் இருந்து, பின்னர்த் துறைமுகத்தில் சுமை தூக்கி, பாய் தைத்து, கயிறு கட்டி, கடைசியில் கப்பலின் சுக்கானுக்கு வந்து சேர்ந்தார். வாரம் ஒரு டாலர் அவர் கையில். மீதிக் கூலி எசமானருக்கு. துறைமுகத்தின் மணல் திட்டுக்களையும் நீரோட்டங்களையும் அவர் தம் உள்ளங்கை போல அறிந்தார். கப்பலை வழிநடத்தும் வெள்ளையருக்குப் ‘பைலட்’ என்று பட்டம். அதே வேலையைச் செய்த ராபர்ட்டுக்கு அப்பட்டம் இல்லை. ‘வீல்மேன்’, அதாவது சக்கரத்தைப் பிடிப்பவன், அவ்வளவே. வேலையைக் கொடுத்துப் பெயரை மறுக்கும் இந்தச் சூழ்ச்சியை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1856-ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், ஹானா என்னும் பெண்ணை மணந்தார். ஹானாவும் அடிமை; வேறொரு எசமானருக்கு உரியவர். எலிசபெத் என்னும் மகள் பிறந்தாள். சட்டப்படி அவள் ஹானாவின் எசமானரது உடைமை. நாளை இருவரையும் வேறு ஊருக்கு விற்றுவிட்டால் கேட்பார் எவருமில்லை. ஆகவே மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கிவிட ராபர்ட் எண்ணினார். எசமானர் கூறிய விலை 800 டாலர். மாதம் 15 டாலரைத் தம் எசமானருக்குக் கட்டிவிட்டு எஞ்சியதைச் சேர்த்து வந்தவருக்கு அத்தொகை எட்டாத் தொலைவில் இருந்தது. பின்னர் அவர் செய்த துணிகரச் செயலை வெறும் சாகச ஆசை என்று எண்ணுவோர் இந்தக் கணக்கை மனத்திற் கொள்ள வேண்டும்.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்கள், சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் இருந்த சம்டர் கோட்டையைத் தாக்கிப் போரைத் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் வட மாநிலங்களின் கடற்படை பியூஃபர்ட்டை அடுத்த போர்ட் ராயலைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் ஓட்டம் பிடித்தனர். ஏறத்தாழ 10,000 அடிமைகள் அத்தீவுகளில் எசமானரின்றி நின்றனர். ஆக, ராபர்ட்டின் சொந்த ஊரில் விடுதலை வந்துவிட்டது. அவரோ எதிரியின் துறைமுகத்தில், எதிரிப் படையின் ‘பிளாண்டர்’ என்னும் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டைகளுக்கு ஆளும் பீரங்கியும் வெடிமருந்தும் ஏற்றிச் செல்வது அக்கப்பலின் வேலை.

கப்பலில் வெள்ளை அதிகாரிகள் மூவர். ஏனையோர் கறுப்பினப் பணியாளர். இரவில் அதிகாரிகள் கப்பலிலேயே தங்கவேண்டும் என்று கட்டளை இருந்தும் அவர்கள் அவ்வப்போது கரைக்குப் போய் வீட்டில் உறங்குவது வழக்கம். அடிமைகள் கப்பலை ஓட்டிச் சென்றுவிடக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. ஒருநாள் பணியாளர் ஒருவர் வேடிக்கையாகக் கப்பல் தலைவரின் அகன்ற வைக்கோல் தொப்பியை ராபர்ட்டின் தலையில் வைத்துப் பார்த்து, உருவம் ஒத்திருப்பதைக் கூறினார் என்பர். வேடிக்கை அன்றோடு முடிந்தது. திட்டம் அன்றே தொடங்கியது.

1862 மே 12 அன்று பிளாண்டர் கப்பல், தென் படையினர் கைவிட்டு வந்த கோல்ஸ் தீவிலிருந்து நான்கு பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் திரும்பியது. வேறொரு கோட்டைக்குச் சேர வேண்டிய அச்சரக்கு மறுநாள் இறக்கப்பட இருந்தது. அன்றிரவு மூன்று அதிகாரிகளும் கரைக்குச் சென்றனர். அகப்பட்டால் சரணடைவதில்லை, கப்பலை வெடிவைத்து மூழ்கடிப்பது, அதற்கும் வழியில்லையேல் எல்லோரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முன்னரே முடிவு செய்திருந்தனர். குழந்தைகளையும் சேர்த்தே இம்முடிவு என்பதை மறக்கலாகாது.

விடியற்காலை மூன்று மணியளவில் கொதிகலனில் நெருப்பு மூட்டப்பட்டது. கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. முதலில் கடலை நோக்கிச் செல்லவில்லை. வேறொரு துறையில் ஒளிந்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொள்ளச் சென்றது. எல்லோரையும் சேர்த்துப் பதினாறு பேர். ராபர்ட் தலைவரின் சட்டையை அணிந்து, தொப்பியைத் தாழ்த்தி வைத்து, தலைவர் நிற்கும் இடத்தில் தலைவர் நிற்கும் பாங்கில் நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் அதற்குரிய குறியீட்டை ஊதலால் ஒலிக்க வேண்டும். ஆண்டுக்கணக்காய்ச் சுக்கானருகில் நின்று அவற்றையெல்லாம் அவர் மனத்தில் பதித்து வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் என்று அவரை எண்ணியவர்கள், அவர் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை அறியவில்லை.

கடைசியாகச் சம்டர் கோட்டை. அதனைக் கண்டதும் உடனிருந்தோர் சிலர் அஞ்சி, விலகிச் செல்லலாம் என்றனர். விலகினால் ஐயம் எழும் என்றறிந்த ராபர்ட், நாள்தோறும் செல்லும் வழியிலேயே, நாள்தோறும் செல்லும் வேகத்திலேயே செலுத்தினார். கீழே அறையில் பெண்கள் இறைவனை வேண்டி நின்றனர். மணி நான்கரை. கயிற்றை இழுத்தார்: இருமுறை நெடிது, ஒருமுறை குறுக. கோட்டைக் காவலர் போகலாம் என்று மறுமொழி கூறினர். கோட்டைப் பீரங்கிகளின் எல்லையைத் தாண்டியபின்தான் கப்பல் தவறான திசையில் செல்வது காவலருக்குப் புலப்பட்டது.

ஆபத்து அத்துடன் நீங்கவில்லை. வெளியே முற்றுகையிட்டு நின்ற வட மாநிலக் கப்பல்களுள் ‘ஆன்வர்ட்’ என்பது, எதிரிக் கப்பலொன்று தன்மீது பாய்ந்து வருவதாகக் கருதிப் பீரங்கிகளைத் திருப்பிற்று. பிளாண்டரின் கொடி இறக்கப்பட்டு, ஹானா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏற்றப்பட்டது. மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணிற்படும்வரை கழிந்த கணங்கள் எத்தகையனவாயிருந்திருக்கும்! விரிப்பு தெரிந்தது, பீரங்கிகள் முழங்கவில்லை. ராபர்ட் முன்வந்து வணங்கி, அமெரிக்க அரசின் பழைய பீரங்கிகள் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவந்திருப்பதாக அறிவித்தார். அப்போது அவர் வயது இருபத்து மூன்று.

பீரங்கிகளைவிட அவர் கொணர்ந்த செய்திகள் மதிப்புடையன. குறியீட்டுப் புத்தகம் கிடைத்தது; துறைமுகத்தில் வெடிகள் புதைத்த இடங்கள் தெரியவந்தன; கோல்ஸ் தீவு காலியாக இருப்பதை அறிந்து வட படையினர் அதனைப் போரின்றிக் கைப்பற்றினர். கடற்படைத் தலைவர் டூ பாண்ட், இதுவரை தம்மிடம் வந்து சேர்ந்த அடிமைகளுள் இவரே அறிவில் மேலானவர் என்று அறிக்கை அனுப்பினார். நாடாளுமன்றம் பரிசுப்பணம் வழங்கத் தீர்மானித்தது. கப்பலுக்கும் சரக்குக்கும் விலை மதித்தவர்கள் மிகக் குறைத்து மதித்தமையால் ராபர்ட்டின் பங்கு 1,500 டாலராக முடிந்தது. அந்தக் குறையை நாடாளுமன்றம் ஒருவாறு சரிசெய்தது 1900-ஆம் ஆண்டில். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்!

அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் வாஷிங்டன் சென்று, கறுப்பின மக்களைப் படையில் சேர்க்க வேண்டுமென்று போர் அமைச்சர் ஸ்டான்டனை வற்புறுத்திய தூதுக்குழுவில் ஒருவராயிருந்தார். போர்ட் ராயலில் 5,000 பேர் வரை சேர்க்க இசைவு கிடைத்தது. போர் முடியுமுன் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் படையிற் சேர்ந்திருந்தனர். ராபர்ட்டும் ஓய்ந்திருக்கவில்லை. 1863 ஏப்ரலில் சம்டர் கோட்டையைத் தாக்கிய ‘கியோகக்’ என்னும் இரும்புக் கப்பலைச் செலுத்தியவர் அவரே. தொண்ணூறுக்கு மேற்பட்ட குண்டுகள் தாக்கி அக்கப்பல் மறுநாள் மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அவ்வாண்டின் இறுதியில் பிளாண்டர் கடுந்தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் வெள்ளைத் தலைவர் சரணடையலாம் என்று கூறி நிலக்கரி அறையில் ஒளிந்துகொண்டார். சரணடைந்தால் வெள்ளையர் கைதிகளாவர். கறுப்பர்க்கோ என்ன நேரும் என்பது ராபர்ட்டுக்குத் தெரியும். தாமே தலைமை ஏற்றுக் கப்பலைக் காத்தார். அதன்பின் அக்கப்பலின் தலைமை அவருக்கே அளிக்கப்பட்டது. பைலட் என்ற பட்டம்கூட மறுக்கப்பட்டவர் காப்டனானார்.

இவ்வளவும் வீரக் கதை. இங்கே நிறுத்திவிடுவோர் பலர். என் கருத்தில் ஸ்மால்ஸின் வாழ்க்கையில் நம் இளைஞர் ஆழ்ந்து நோக்கவேண்டிய பகுதி இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

1864-ஆம் ஆண்டில் பழுது பார்ப்பதற்காக பிளாண்டர் பிலடெல்பியா நகரின் துறையில் பல மாதம் நின்றது. இருபத்தைந்து வயதான காப்டன் அந்த ஓய்வில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். அதே நகரில் ஒருநாள், டிராம் வண்டியில் வெள்ளையருக்கு இடம்விட்டு வெளித்தட்டில் நிற்கும்படி நடத்துநர் பணித்தார். நாடறிந்த வீரர் வண்டியை விட்டிறங்கி நடந்தே சென்றார். இச்செய்தி பரவி, அந்நகர வண்டிகளில் கறுப்பினத்தவர் சமமாக அமரவேண்டும் என்ற கிளர்ச்சிக்கு வலுவூட்டியது. 1867-இல் அதற்குச் சட்டமும் வந்தது. மசூர் ரயில் நிலையத்தில் வண்டி கிடைக்காமல் தவித்த சிறுவன் பீமராவின் கதையை அறிந்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி அயலாகத் தோன்றாது.

பியூஃபர்ட்டில் வரி செலுத்தாமல் ஓடிப்போன முதலாளிகளின் வீடுகளை அரசு ஏலம் விட்டது. தாம் எந்த மாளிகையின் பின்புறத்தில் பிறந்தாரோ அந்த மாளிகையையே ராபர்ட் ஏலத்தில் எடுத்தார். போருக்கு முன் அதனை வைத்திருந்தவர் வழக்குத் தொடுத்தார்; வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்று, 1878-இல் ஸ்மால்ஸுக்குச் சார்பாகத் தீர்ந்தது. பழைய எசமானரின் மனைவி முதுமையில் மனந்தடுமாறி, அது இன்னும் தம் வீடே என்றெண்ணி வந்து நின்றபோது, அவரை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. இதனைக் கேட்டு உருகுவோர் பலர். எனக்கோ வேறொரு காட்சியே பெரிதாகப் படுகிறது. பின்புறக் குடிசையில் அவரைப் பெற்ற லிடியா, அம்மாளிகையின் முன்வாசல் வழியே உள்ளே சென்று அங்கேயே வாழ்ந்தார்.

ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஒரு கட்டடத்தையும் ராபர்ட் வாங்கினார். ஆயினும் ஒருவர் வாங்கித் தரும் கட்டடத்தால் ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் படித்துவிட முடியாது. 1868-ஆம் ஆண்டு தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பை வகுக்கச் சார்ல்ஸ்டனில் கூடிய பேரவையில் அவர் உறுப்பினர். உறுப்பினருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அவருள் பலர் சில ஆண்டுகள் முன்புவரை அடிமைகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமான பொதுப்பள்ளிகள் வேண்டும் என்ற தீர்மானத்தை அப்பேரவையில் கொண்டுவந்தவர் ஸ்மால்ஸ். நிற வேறுபாடின்றி யாவருக்கும் திறந்த பள்ளிகள் என்பது அரசியலமைப்பில் இடம்பெற்றது. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் படிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கிய அதே மாநிலத்தில்! ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் இதனால் பயன்பெற்றனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பின்னர் அவர் மாநிலச் சட்டமன்றத்திலும், 1875 முதல் 1887 வரை இடைவெளிகளுடன் நாட்டின் நாடாளுமன்றத்திலும் இருந்தார். ஆனால் காற்று திசைமாறிவிட்டது. 1876-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆயுதந்தாங்கிய வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தி ஆட்சியைப் பிடித்தன. மறு ஆண்டு ஸ்மால்ஸ்மீது, முன்னர் அரசு அச்சுப்பணி ஒப்பந்தத்தில் 5,000 டாலர் கையூட்டுப் பெற்றதாக வழக்கு வந்தது. நீதிமன்றம் தண்டனை விதித்தது. எதிர்க்கட்சியின் மீதிருந்த தேர்தல் வழக்குகளைக் கைவிடுவதற்கு ஈடாக 1879-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அரசியல் பழிவாங்கலே அது என்பது பலர் முடிவு. எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆயினும் நம் தலைவர்களைப் பற்றி எழுதும்போது இத்தகைய பக்கங்களை மறைத்தல் தகாது.

1895-ஆம் ஆண்டு. மாநிலத்தின் அரசியலமைப்பை மீண்டும் மாற்றப் பேரவை கூட்டப்பட்டது. இம்முறை கறுப்பின உறுப்பினர் அறுவர் மட்டுமே. அவருள் ஸ்மால்ஸ் ஒருவர். கூட்டப்பட்டதன் நோக்கத்தை அவர்கள் ஒளிக்கவில்லை: மக்கள் தொகையில் பெரும்பான்மையினரான கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்தல். அதற்குக் கண்ட கருவி எது? எழுத்தறிவு. அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு, படிக்கத் தெரியாதவர் பிறர் படிக்கக் கேட்டு விளக்கம் கூறினாலும் போதும் என்று ஒரு சலுகை. விளக்கம் சரியா தவறா என்று தீர்ப்பவர் வெள்ளை அதிகாரி! நூறாண்டுகளுக்கு மேலாகப் படிப்பைப் பறித்து வைத்திருந்தவர்கள், இப்போது படிப்பில்லை என்ற காரணங்காட்டி வாக்கைப் பறித்தனர். பள்ளிகளும் நிறத்தால் பிரிக்கப்பட்டன.

ஸ்மால்ஸ் வாளாவிருக்கவில்லை. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் திருமணம் கூடாதென்ற விதி பேசப்பட்டபோது, கறுப்பினப் பெண்ணுடன் கூடிவாழும் வெள்ளையன் எவனும் அரசுப் பதவி வகிக்கலாகாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவையில் பலர் முகம் வெளிறிற்று, திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. தம் மக்களுக்குத் தனிச்சலுகை எதுவும் வேண்டாம், வாழ்க்கைப் போராட்டத்தில் சமமான வாய்ப்பு ஒன்றே போதும் என்பது அவர் அப்பேரவையில் நிகழ்த்திய உரையின் சாரம். இறுதியில் அரசியலமைப்பில் கையொப்பமிட மறுத்தார். ஒப்பமிடாதவருக்குப் பயணப்படி கிடைக்காது என்றனர். இதில் கையெழுத்திடுவதைக் காட்டிலும் பியூஃபர்ட்டுக்கு நடந்தே போவேன் என்றார் அவர். இருபத்தைந்தாம் வயதில் எழுதக் கற்ற கை அது. எதில் எழுதுவது, எதில் எழுதாதிருப்பது என்பதையும் கற்றிருந்தது.

எஞ்சிய காலத்தில் பெரும்பகுதி பியூஃபர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். 1913-இல் அப்பதவியும் போயிற்று. 1915 பிப்ரவரியில், பிரின்ஸ் தெரு இல்லத்திலேயே, எழுபத்தைந்தாம் வயதில் காலமானார். அதே வேளையில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து சென்ற இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பீமராவ் அம்பேத்கர்.

பிளாண்டர் கப்பல் 1876-ஆம் ஆண்டுப் புயலொன்றில் கரைதட்டி அழிந்தது. 2023-இல் அமெரிக்கக் கடற்படை, அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் வெற்றி ஒன்றை நினைவூட்டிய ‘சான்சலர்ஸ்வில்’ என்னும் பெயரைத் தன் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து நீக்கி, ‘ராபர்ட் ஸ்மால்ஸ்’ என்று பெயர் சூட்டியது. பியூஃபர்ட்டில் அவர் பெயரால் ஒரு பள்ளியும் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் எழுதப் படிக்கக் கற்பது அங்கேதான்.